ஆள்களம்: டொமைன் என்பது ‘இணையதள முகவரி’ அன்று

கிருஷ்ணகிரி, தருமபுரி கணினி மையங்களின் துண்டறிக்கைகளில், இணையத்தில் ஒருவர் பதிவுசெய்து வைத்துக்கொள்ளும் பெயரான டொமைனுக்கு ‘இணையதள முகவரி’ என்றே அச்சிடுகிறார்கள். டொமைனின் விவரங்களைக் கேட்டறிய உதவும் டிக், ஹூயிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்குத் தமிழில் குறிப்பெழுதுவோரும் அதையே எடுத்தாள்கிறார்கள். பிழை.

லத்தீனில் டொமினுஸ் என்றால் தலைவன், உடையவன். அவன் உடைமை டொமினியம். பிரெஞ்சு வழியே வந்து டொமைன் ஆயிற்று. ஒருவர் ஆளுகைக்கு உட்பட்ட எல்லை என்று பொருள்.

உலாவியில் தட்டும் முழு வரி யூஆர்எல்; தள முகவரி என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். இணையத்தில் ஒரு கணினியைக் குறிக்கும் ஐபி முகவரி 32 அல்லது 128 பிட் எண். டொமைன் இவ்விரண்டும் அன்று. தளமே இல்லாமல் மின்னஞ்சலுக்கு மட்டும் டொமைன் வைத்திருக்கலாம். டொமைனுக்கெனப் பல வகைப் பதிவுகள் உண்டு. டிக்கில் ஏ பதிவைக் கேட்டால் ஐபி முகவரி வரும்; எம்எக்ஸ் பதிவைக் கேட்டால் அஞ்சல் வாங்கும் வழங்கியின் (சர்வரின்) பெயர் வரும். ‘முகவரியின் முகவரியைத் தேடுக’ என்று குறிப்பு எழுதினால் படிப்பவருக்கு என்ன விளங்கும்? ஹூயிஸ் காலாவதி நாளையும் காட்டுகிறது. முகவரிக்கு ஏது காலாவதி?

தவறான சொல் வேலையையும் கெடுக்கிறது. மாங்கூழ் ஆலை தன் தளத்தை வேறு வழங்கிக்கு மாற்றுகிறது என்று வையுங்கள். டொமைனும் தளமும் ஒன்றே என்று நம்புகிறவர், டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் பெயர் வழங்கிகளையே மாற்றிவிடுவார். பழைய எம்எக்ஸ் பதிவு புதிய இடத்தில் இராது. ஆர்டர் அஞ்சல்கள் நின்றுபோகும். மாற்ற வேண்டியது ஏ பதிவும், 128 பிட் முகவரிக்கான ஏஏஏஏ பதிவு இருந்தால் அதுவும் மட்டுமே. பதிவைப் பிற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் 86400 நொடி என்றிருந்தால், மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே 300 ஆகக் குறைத்துவிட வேண்டும். இல்லையேல் ஒரு நாள் வரை பலருக்குப் பழைய வழங்கியே திறக்கும்.

தருமபுரி 1965இல் சேலத்திலிருந்தும், கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்தும் பிரிந்தன. இன்று கிருஷ்ணகிரிப் பட்டாவுக்குச் சேலம் ஆட்சியரிடம் யாரும் போவதில்லை. டொமைனும் இப்படித்தான் பிரிகிறது: மேலுள்ள டொமைன், கீழுள்ளதன் பெயர் வழங்கிகளைச் சுட்டும் என்எஸ் பதிவு எழுதி, ‘இனி அங்கே கேள்’ என்று பொறுப்பை ஒப்படைக்கிறது. டிக்கோடு +ட்ரேஸ் சேர்த்தால் எல்லாவற்றுக்கும் மேலான வேரிலிருந்து இந்தக் கைமாற்றம் படிப்படியாகத் தெரியும். ஆளுகையும் எல்லையும் சேர்ந்த இந்தப் பொருளைத் தருவது ‘ஆள்களம்’.

வெறும் ‘களம்’ போதும் என்பாரும் உண்டு. ராகி அடிக்கும் இடமும் களம், போர் நடக்கும் இடமும் களம். ஆள்பவர் யார் என்பது அதில் இல்லை.

‘ஆட்களம்’ என்றும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் ஆட்கள் கூடும் களமாகிவிடும். கொல்களிறு போல ஆள்களம் வினைத்தொகை, ளகரம் திரியாது. ‘பெயர்’ போன்ற சொல் பின்னால் சேரும்போது ஒற்று மிகும்: ஆள்களப் பெயர்.