“குட்டிதானே, வளர்ந்தால் சரியாகிவிடும்”: நாய்க்குட்டி வளர்ப்போர் கவனத்துக்கு

கால்நடை மருத்துவராக என் சிகிச்சை அறையில் நான் மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியம், “குட்டிதானே டாக்டர், வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும்” என்பதுதான். முதல் தடுப்பூசிக்காக 8 வாரக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும் குடும்பத்தார் சிரித்துக்கொண்டே இதைச் சொல்கிறார்கள். ஏழெட்டு மாதங்கள் கழித்து அதே நாயை வாய்க்கூடு மாட்டி அழைத்துவந்து, “யாரிடமாவது கொடுத்துவிடலாமா?” என்று கேட்கும்போது அந்தச் சிரிப்பு இருப்பதில்லை. குட்டியாக இருந்தபோது எதைச் செய்ததோ அதையேதான் அந்த நாய் இப்போதும் செய்கிறது. தாடை மட்டும் வலுத்திருக்கிறது, எடை 30 கிலோ ஆகியிருக்கிறது.

நாய்க்குட்டியின் வாழ்வில், ஏறத்தாழ 3-ஆம் வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரங்களுக்குள் முடிந்துவிடும் ஒரு பருவம் உண்டு. அந்த வாரங்களில் பார்த்த மனிதர்கள், கேட்ட ஓசைகள், கால் பதித்த தரைகள் எல்லாம் அதற்கு அச்சப்படத் தேவையில்லாதவையாக மனத்தில் பதிகின்றன. அப்போது அறியாதவற்றைப் பின்னாளில் முதன்முறையாகச் சந்திக்கும்போது அச்சமே முந்திக்கொள்கிறது. ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1961-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதரோடு பழகாமல் வளர்ந்த குட்டிகளை வெவ்வேறு வயதில் மனிதருக்கு அறிமுகப்படுத்திப் பார்த்தார்கள். 14 வாரம் வரை மனிதத் தொடர்பே இல்லாதிருந்த குட்டிகள் அதன் பிறகு மனிதரை நெருங்கவே அஞ்சின.

இங்கே வளர்ப்போருக்கு ஓர் உண்மையான சங்கடம் இருக்கிறது. குட்டிகளுக்கான தடுப்பூசித் தவணைகள் பெரும்பாலும் 16-ஆம் வாரத்தை ஒட்டியே முடிகின்றன. அதுவரை வெளியுலகமே காட்டாமல் அறைக்குள் வைத்திருந்தால், தடுப்பூசி முடிவதற்குள் பழகும் பருவம் கடந்துவிடும். நாய்களிடையே பரவும் கொடிய வைரஸ் தொற்றான பார்வோ நோயில் குட்டிகள் துடித்துச் சாவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அச்சத்தை ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பிற நாய்கள் நடமாடும் தரையில் இறக்கிவிடாமல், கையில் ஏந்தியபடியே குட்டிக்கு வாகன இரைச்சலையும் குடை பிடித்து நடப்பவரையும் விளையாடும் குழந்தைகளையும் தொலைவிலிருந்து காட்ட முடியும். முறையாகத் தடுப்பூசி போட்ட, சாதுவான பெரிய நாய் இருக்கும் வீட்டுக்கு அழைத்துச் செல்ல முடியும். விலங்கு நடத்தையியலுக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம், 3 வயதுக்குட்பட்ட நாய்களின் சாவுக்கு முதற்காரணம் தொற்றுநோய்கள் அல்ல, நடத்தைச் சிக்கல்களே என்று கூறியிருக்கிறது. முதல் தவணைத் தடுப்பூசி போட்டு 7 நாள் ஆன குட்டிகளைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாம் என்பதும் அச்சங்கத்தின் நிலைப்பாடுதான். உங்கள் பகுதியில் நோய்ப் பரவல் எப்படி இருக்கிறது என்பதை மருத்துவரிடம் கேட்டு, அதற்கேற்ப இதைத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

கடிக்கும் பழக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். குட்டிக்கு ஊசிமுனை போன்ற 28 பால்பற்கள் இருக்கும். 4 மாதம் முதல் ஏறத்தாழ 7 மாதத்துக்குள் அவை விழுந்து 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். ஈறு ஊறும் அந்தக் காலத்தில் எதையாவது கடிக்காமல் அதனால் இருக்க முடியாது. பல்லை எவ்வளவு அழுத்தினால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளோடு புரண்டு விளையாடும்போதுதான் அது கற்கிறது. 8 வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகள் கடுமையாகக் கடிப்பதற்கு இது ஒரு காரணம். விரலை ஆட்டி ஆட்டி விளையாட்டுக் காட்டுவதை வீட்டிலுள்ள அனைவரும் நிறுத்த வேண்டும். பல் தோலில் பட்ட கணமே கையை விலக்கிக்கொண்டு, அரை நிமிடம் எழுந்து விலகி நில்லுங்கள். திரும்பி வரும்போது கடிப்பதற்கு ஒரு பொம்மையைக் கொடுங்கள். வாயைப் பொத்துவதும் மூக்கில் சுண்டுவதும், முகத்தை நோக்கி வரும் கையைக் கண்டாலே அது மிரளும்படி செய்துவிடும். மாலை நேரத்தில் வெறி பிடித்தாற்போல் ஓடிக் கடிக்கும் குட்டிக்கு விளையாட்டு போதவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்குப் போதாதது தூக்கம். ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்க வேண்டிய வயது அது.

விளையாட்டில் பல் பட்டதாக இருந்தாலும், தோல் கிழிந்தால் அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். குட்டியின் கடியால் வெறிநோய் வராது என்று நினைப்பது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

சாப்பாட்டுத் தட்டருகே வரும் உறுமலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்லெண்ணத்தோடு செய்யும் காரியமே குட்டியைக் கெடுப்பதை இதில்தான் அடிக்கடி காண்கிறேன். 5 மாதக் குட்டி ஒன்றை அழைத்து வந்திருந்தார்கள். யார் எசமானர் என்று அதற்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, அது தின்றுகொண்டிருக்கும்போதே தட்டை எடுத்து எடுத்து வைப்பது குடும்பத் தலைவரின் வழக்கமாக இருந்தது. முதலில் உறுமியதாம், அதட்டியதும் உறுமலை விட்டுவிட்டதாம். “இப்போது உறுமுவதே இல்லை, ஆனால் திடீரென்று கடிக்கிறது” என்றார். அறையின் ஒரு மூலையில் தட்டை வைத்துவிட்டு அனைவரும் தள்ளி நின்று பார்த்தோம். அவர் ஓரடி எடுத்து வைத்ததும் குட்டி தின்னும் வேகம் கூடியது. அடுத்த அடிக்கு வாய் தட்டிலேயே நின்றது, மெல்லுவது நின்றது, உடல் மரக்கட்டைபோல் விறைத்து, கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதற்குமேல் நெருங்க வேண்டாம் என்று அவரை நிறுத்தினேன். உறுமல் என்பது கடிப்பதற்கு முன் நாய் நமக்குத் தரும் அவகாசம். அதட்டி அதட்டி அந்த அவகாசத்தைப் பறித்துவிட்டோம், அச்சமோ அப்படியே இருந்தது.

அந்தக் குடும்பத்தார் செய்த மாற்றம் எளியதுதான். தட்டைத் தொடுவதை அறவே விட்டார்கள். பெரியவர்கள் மட்டும், குட்டி விறைக்காத தொலைவில் நடந்து செல்லும்போதெல்லாம், அது தின்பதைவிட ருசியான ஓர் இறைச்சித் துண்டைத் தட்டை நோக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போனார்கள். சில நாளுக்கு ஒருமுறை அந்தத் தொலைவை ஓரடி குறைத்தார்கள். ஒரு மாதத்துக்குள், காலடி ஓசை கேட்டால் குட்டி தட்டிலிருந்து தலையைத் தூக்கி வாலை ஆட்டத் தொடங்கியது. இரத்தம் வரக் கடித்துவிட்ட நாயிடமும், சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் இதை நீங்களாகவே செய்து பார்க்காதீர்கள். நடத்தையியல் தெரிந்த மருத்துவர் உடனிருந்து வழிகாட்ட வேண்டும்.

வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதற்குக் குட்டியின் மூக்கை அதில் தேய்க்கும் கொடுமை இன்னும் தொடர்கிறது. முன்பு எப்போதோ செய்ததையும் இப்போது கிடைக்கும் தண்டனையையும் அதனால் இணைத்துப் பார்க்க முடியாது. ஆளைக் கண்டால் ஒளிந்துகொண்டு கழிக்கத்தான் கற்கும். “தப்பு செய்தது தெரிந்துதான் தலையைக் குனிகிறது” என்பார்கள். ஆனால் நாய்களின் அறிவாற்றலை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தவறே செய்யாத நாய்களும் உரிமையாளர் அதட்டியபோது அதே முகத்தைக் காட்டின. விழித்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் உடனே வெளியே அழைத்துச் சென்று, உரிய இடத்தில் கழித்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். வீட்டில் அசுத்தமான இடத்தை அமோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், அதன் வாடை சிறுநீரை ஒத்திருப்பதால் குட்டி மீண்டும் அங்கேயே போகும்.

மேலே தாவுவதற்கும் கவனத்துக்காகக் குரைப்பதற்கும் மருந்து ஒன்றே: நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கொஞ்சுங்கள், மற்ற நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கவனிப்பதை நிறுத்திய முதல் சில நாள்களில் தாவலும் குரைப்பும் கூடவே செய்யும். பலர் அந்த இடத்தில்தான் மனமிளகித் தோற்கிறார்கள். ஒருநாள் விட்டுக்கொடுத்தாலும், இன்னும் உரக்கக் குரைத்தால் பலன் உண்டு என்று அது தெரிந்துகொள்கிறது. தனிமைக்கும் இவ்வாறே, வீட்டில் ஆள் இருக்கும்போதே வேறு அறையில் இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று பழக்கிவாருங்கள்.

எல்லாமே பழக்கக் கோளாறு என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டால் சிறுநீர்ப்பாதைத் தொற்று இருக்கலாம். மண்ணையும் கல்லையும் தின்றால் குடற்புழுவும் இரத்தச்சோகையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தொட்டால் மட்டும் சீறும் குட்டிக்கு எங்கோ வலி இருக்கக்கூடும். சிகிச்சை அறைக்கு வந்த குட்டி பெரும்பாலும் பயந்து ஒடுங்கிக் கிடக்கும், வீட்டில் செய்வதை இங்கே செய்யாது. ஆகவே தொலைவில் நின்றபடி, அதைச் சீண்டாமல், கைப்பேசியில் இரண்டு நிமிடக் காணொளி எடுத்து வாருங்கள். அது எப்போது, எந்த இடத்தில், யார் அருகில் இருக்கும்போது நடந்தது என்பதையும் தேதியோடு ஒரு தாளில் குறித்து வாருங்கள்.