திகில் விளையாட்டு: ‘மிரட்டல்’ ஏன் பொருந்தாது?

ஹாரர் கேம் ஒன்றைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ‘மிரட்டல்’ வந்துவிடுகிறது. மிரட்டலான கேம், மிரட்டும் கிராஃபிக்ஸ், மிரட்டல் இசை, மிரள வைக்கும் இரண்டாம் பாகம். இத்தனை நாளும் அடைமொழியாக இருந்ததை இப்போது வகைப்பெயராகவே ஆக்கிவிட்டார்கள். புதிர் விளையாட்டு, பந்தய விளையாட்டு, அதிரடி விளையாட்டு என்ற வரிசையில் ‘மிரட்டல் விளையாட்டு’ என்று எழுதுகிறார்கள். இதை நடைக்குறை என்று விட்டுவிட முடியவில்லை. இந்த வகை விளையாட்டு ஆளை எப்படி அஞ்ச வைக்கிறது என்பதையே அந்தப் பெயர் தலைகீழாகச் சொல்கிறது.

முதலில் வேர். ஹாரர் என்பது இலத்தீன் மொழியின் ‘ஹோரேரே’ என்னும் வினையிலிருந்து வந்தது. மயிர் குத்திட்டு நிற்பது, உடல் நடுங்குவது என்று பொருள். நம்முடைய மயிர்க்கூச்செறிதலும் அதே காட்சிதான். ஆனால் தமிழில் பக்தியிலும் மகிழ்ச்சியிலும்கூட மெய் சிலிர்க்கும், மயிர் கூச்செறியும். எனவே வேரைப் பிடித்துப் பெயர்ப்பதால் பயனில்லை. நான் முன்வைக்கும் ‘திகில்’ என்ற சொல்லுக்கோ அக்கம்பக்கத்து மொழிகளில் உறவு உண்டு. கன்னடத்தில் ‘திகிலு’ என்றால் அச்சம். தெலுங்கில் ‘திகுலு’ என்றால் கவலை, மனத்தை விட்டு நீங்காத கலக்கம். இந்தத் தெலுங்குப் பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி மிரட்டல். மிரள் என்பது தன்வினை, மிரட்டு என்பது பிறவினை. மாடு மிரண்டது, குதிரை மிரண்டது என்கிறோம். மிரட்டுவதற்கோ எதிரே ஒருவன் வேண்டும். கொலை மிரட்டல், வெடிகுண்டு மிரட்டல், மிரட்டிப் பணம் பறித்தல் என்று செய்தித்தாளில் அன்றாடம் வரும் இடங்களைப் பாருங்கள். மிரட்டுகிறவனுக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. இதைச் செய், செய்யாவிட்டால் இது நடக்கும் என்று வாய்விட்டுச் சொல்கிறான். சொன்னால்தான் அது மிரட்டல். என்ன வரும், எப்போது வரும், எதனால் வரும் என்று எதையுமே சொல்லாமல் விடுவதில்தான் ஹாரர் கேமின் வலிமை முழுவதும் இருக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசைகள்.

போதாததற்கு, பேச்சுவழக்கில் ‘மிரட்டிட்டான்’ என்றால் பிரமாதமாகச் செய்துவிட்டான் என்று பொருள். ‘மிரட்டலான கேம்’ என்று ஒருவர் எழுதினால் அது நன்றாக இருக்கிறது என்கிறாரா, படங்கள் கண்ணைப் பறிக்கின்றன என்கிறாரா, அச்சமாக இருக்கிறது என்கிறாரா? கார்ப் பந்தய விளையாட்டுக்கும் இதே சொல், கால்பந்து விளையாட்டுக்கும் இதே சொல். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல்லை ஒரு வகைக்கு மட்டும் பெயராக வைத்தால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

இலக்கணத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அதற்கு விளையாட்டுக்குள்ளே போக வேண்டும்.

2010-இல் வந்த ‘அம்னீஷியா: த டார்க் டிசென்ட்’டில் கையில் ஆயுதம் கிடையாது. கதவைத் திறக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதாது. மவுஸால் கதவைப் பிடித்து இழுக்க வேண்டும். மெல்ல இழுத்தால் மெல்லத் திறக்கும், ஒரு விரற்கடை மட்டும் திறந்து எட்டிப் பார்க்கலாம், வெடுக்கென்று சாத்தலாம். கதவுக்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தபின் அந்தக் கையை நகர்த்துவது யார்? விளையாடுகிறவர்தான். இருட்டில் நின்றால் பாத்திரத்தின் மனநிலை குலையும், விளக்கேற்றினால் எண்ணெய் தீரும். உருவத்தை உற்றுப் பார்ப்பதே கேடு, ஆகவே எதற்கு அஞ்சுகிறோமோ அதைப் பார்க்கவும் வழியில்லை. வெள்ளம் புகுந்த நிலவறையில் வருகிற ஜந்துவுக்கு உருவமே கிடையாது. தண்ணீரில் அதன் கால்பட்டுத் தெறிக்கும் சுவடு மட்டும் நம்மை நோக்கி வரும். நாம் நிற்பது ஒரு பெட்டியின் மேல், அடுத்த பெட்டி சற்றுத் தள்ளி. எப்போது குதிப்பது என்று நம்மைத் தவிர வேறு யாரும் முடிவு செய்ய மாட்டார்கள்.

திரைப்படத்தில் ஒருத்தி இருட்டறைக்குள் போகிறாள் என்றால், போகாதே என்று நாம் உள்ளுக்குள் கத்தலாம், அவள் போய்விடுவாள். விளையாட்டில் போகிறவரும் நாம், போகாதே என்பவரும் நாம். நிறுத்திவிட்டால் எதுவும் நடக்காது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அந்தக் கதவின் முன் நிற்கலாம். ஆனாலும் நம் கட்டைவிரல்தான் கேம்பேடின் குச்சியை முன்னே தள்ளுகிறது. இந்த அச்சத்தில் பிறவினைக்கு இடமே இல்லை, முழுக்கத் தன்வினை. ஆகவே இதற்கு வைக்கும் பெயரும் அச்சத்தை அனுபவிக்கிறவரின் பக்கம் நின்று சொல்லும் பெயராக இருக்க வேண்டும்.

2014-இல் வந்த ‘பி.டி.’ இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. ஒரே ஒரு நடைக்கூடம், ஒரு திருப்பம், கடைசியில் ஒரு கதவு. அதைத் திறந்தால் மறுபடியும் அதே நடைக்கூடத்தின் தொடக்கத்துக்கு வருவோம். நடக்கலாம், உற்றுப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். சில சுற்றுகளுக்குப் பின் அந்தத் திருப்பத்துக்கு முன்னால் கால் தானாக நின்றுவிடும். அங்கே யாரும் நம்மை மிரட்டவில்லை. அடுத்த வருடமே அதைப் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் இன்றுவரை திகிலைப் பற்றிய பேச்சில் அதைத் தவிர்க்க முடியவில்லை.

இந்த வேறுபாட்டைத் தொல்காப்பியர் எப்போதோ தீர்த்து வைத்துவிட்டார். மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்வுகளைச் சொல்லும்போது அவர் சொல்வது ‘அச்சம்’. மெய்யில் படுவதால் மெய்ப்பாடு, ஆக உணர்கிறவரின் பக்கம். அது எதனால் வருகிறது என்பதைத் தனி நூற்பாவில் வைக்கிறார்: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.’ உணர்வு வேறு, அதன் நிலைக்களன், அதாவது அது பிறக்கும் இடம், வேறு. இந்த நான்கையும் இன்றைய விளையாட்டுகளில் அப்படியே காணலாம். அணங்கு, ஆவிகளைக் கேமராவால் படமெடுத்து விரட்டும் ‘ஃபேட்டல் ஃப்ரேம்’. விலங்கு, வேற்றுக்கோள் உயிர் ஒன்று நம்மைத் தேடி வரும் ‘ஏலியன்: ஐசொலேஷன்’. கள்வர் என்பதைத் தீங்கு செய்ய வரும் மனிதர் என்று விரித்துக்கொண்டால், மனநோய் விடுதிக்குள் கையில் ஒரு வீடியோ கேமராவோடு ஓடி ஒளிய வேண்டிய ‘அவுட்லாஸ்ட்’. தம் இறை, அதாவது தண்டிக்கும் உரிமை உள்ளவன் என்றால், 2001-இல் வந்த ‘சைலன்ட் ஹில் 2’-இல் நாயகனின் குற்றவுணர்வே ஓர் உருவமெடுத்து அவனைத் தண்டிக்க வருகிறதே, அதைச் சொல்லலாம்.

நிலைக்களனை வகைப்பெயராக்கும் தவறுதான் ‘பேய் விளையாட்டு’. மேலே சொன்ன நான்கில் முதலாவதற்கு மட்டும் அது பொருந்தும். விண்வெளி நிலையத்தில் ஒரு வேற்றுக்கோள் உயிருக்குப் பயந்து அலமாரிக்குள் மூச்சடக்கி நிற்பவரிடம் பேய் விளையாட்டு என்று சொல்ல முடியுமா? ‘அமானுஷ்ய விளையாட்டு’ என்பவர்களுக்கும் இதே பதில், ‘அவுட்லாஸ்ட்’டில் நம்மைத் துரத்துபவர்களில் பெரும்பாலோர் மனிதர்கள். ‘பயங்கரம்’ என்பதைப் பயங்கரவாதம் ஒரு பக்கமும் ‘பயங்கரமா இருக்கு’ என்ற பாராட்டு மறுபக்கமும் இழுத்துத் தேய்த்துவிட்டன. பீதி என்றால் கூட்டம் சிதறி ஓடும் நினைவு வருகிறது. கிலி எனக்குப் பிடித்த சொல், ஆனால் அதில் கனம் இல்லை.

தனித்தமிழ் அன்பர்கள் வெருவு, வெருள், வெருளி என்று எடுத்து வருகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. வெருவருதல் திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரிலேயே இருக்கிறது, வெருட்டுதல் ஈழத் தமிழில் இன்றும் அன்றாடச் சொல். ஆனால் வெருளி என்பதை ஃபோபியாவுக்கு எடுத்துக்கொண்டு நீண்ட பட்டியலே போட்டுவிட்டார்கள். ஒரே சொல்லை ஒரு மனநிலைக் குறைபாட்டுக்கும் பொழுதுபோக்கு வகைக்கும் வைப்பது குழப்பம். வெருட்டு என்று எடுத்தால் மிரட்டு போலவே அதுவும் பிறவினை. அச்சம் என்றே வைக்கலாமே என்றால், அது மிக அகலமான சொல். அஞ்சுவது அஞ்சாமை பேதைமை என்கிறபோது அச்சம் அறிவுள்ள செயலாகவே ஆகிவிடுகிறது. எதற்கு அஞ்சுகிறோம் என்று தெரிந்திருக்கும் இடத்திலும் அச்சம் வரும்.

திகிலோ காரணம் பிடிபடாத இடத்தில் வருவது, வந்தால் நீடிப்பது. ‘திகில் பிடித்தது’ என்கிறோம், பிடித்தது எளிதில் விடாது. ‘திகிலோடு காத்திருந்தான்’ என்று எழுதலாம். ‘திடுக்கோடு காத்திருந்தான்’ என்று யாராவது எழுதுவார்களா? திடுக்கிடுவது ஒரு நொடி. மேலே சொன்ன தெலுங்குத் திகுலு இங்கேதான் துணைக்கு வருகிறது: நீங்காத கலக்கம் என்ற பொருள் நம் திகிலுக்குள்ளும் ஓடுகிறது.

இந்த இரண்டையும் பிரித்து வைக்காததால்தான் ‘ஜம்ப் ஸ்கேர்’ வந்தால் மொழிபெயர்ப்பாளர் தடுமாறி ‘குதிப்புப் பயம்’ என்கிறார். அங்கே யாரும் குதிக்கவில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் விளையாடுகிறவருக்குத் தூக்கிவாரிப் போடுவதைக் குறிக்கிறது. தமிழில் அதற்குத் திடுக்கிடல் என்று ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. 1996-இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில்’லில் நடைபாதைச் சன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாய்கிறதே, அது திடுக்கிடல். அதற்குப் பிறகு அந்த மாளிகையின் ஒவ்வொரு சன்னலையும் கடக்கும்போது இருக்கிறதே, அது திகில். முதலாவதைச் செய்ய ஓர் உரத்த ஓசை போதும். இரண்டாவதைச் செய்வது கடினம், கைத்திறன் வேண்டும். திடுக்கிடலை மட்டும் வரிசையாக அடுக்கிவிட்டு ஹாரர் என்று விற்கப்படும் விளையாட்டுகள் ஏராளம். எல்லாவற்றுக்கும் மிரட்டல் என்று ஒரே சொல்லைப் போட்டால் நல்லதையும் மட்டமானதையும் பிரித்துச் சொல்ல விமர்சகருக்கே வழியில்லாமல் போகிறது.

1999-இல் வந்த முதல் ‘சைலன்ட் ஹில்’லை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய பிளேஸ்டேஷனால் தொலைவிலுள்ள தெருக்களை வரைய முடியவில்லை, அந்தக் குறையை மறைக்கப் பனிமூட்டமும் இருளும் வந்தன. கூடவே பாத்திரத்தின் கையில் ஒரு வானொலி. உருவம் ஏதாவது அருகில் வந்தால் அது கரகரக்கும். இது எச்சரிக்கைதானே, அச்சத்தைக் குறைக்க வேண்டாமா? நேர்மாறாக நடக்கிறது. ஏதோ இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது, எங்கே என்று சொல்வதில்லை. பனிக்குள் கண்ணுக்கு எதுவும் எட்டுவதில்லை. திடுக்கிட வைப்பது மட்டுமே நோக்கமாக இருந்தால் வானொலியைத் தந்திருக்கவே மாட்டார்கள்.

‘ஏலியன்: ஐசொலேஷன்’ இதை நிரலாகவே எழுதிவிட்டது. நாம் எங்கே இருக்கிறோம் என்று எப்போதும் அறிந்த நிரல்பகுதி ஒன்று, வேற்றுக்கோள் உயிருக்கு அவ்வப்போது குறிப்பு மட்டும் தருகிறது. கண்டுபிடிப்பது அதன் கண்ணும் காதும். ஆகவே அது சுற்றிச் சுற்றி நம் பக்கமே வரும், ஆனால் நேராக நம்மிடம் வராது. அதைக் கொல்லவும் முடியாது. நகர்வு காட்டும் கருவியை எடுத்துப் பார்த்தால் அதன் ஓசையே நம்மைக் காட்டிக்கொடுக்கலாம். பார்க்காவிட்டால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பார்ப்பதா வேண்டாமா என்ற அந்தத் தத்தளிப்பை மிரட்டல் என்று மொழிபெயர்க்கிறவர் அந்த விளையாட்டை ஒரு முறையாவது விளையாடியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் என் குறை இதுதான். விளம்பரத் தமிழிலிருந்து சொல்லை எடுக்கிறார்கள். விளம்பரத்துக்கு ஓசை வேண்டும், வகைப்பெயருக்குத் துல்லியம் வேண்டும். எந்தச் சொல் எங்கே ஓங்கி ஒலிக்கிறதோ அதை அகராதிக்குள் கொண்டுவந்து வைக்கிறார்கள். திகில் என்ற நல்ல சொல்லையும் சும்மா விடவில்லை. துப்பறியும் கதைக்கும் துரத்தல் காட்சிக்கும் ‘திகில் நிறைந்த’ என்று போடுகிறார்கள். அதற்குப் பரபரப்பு இருக்கிறது, மர்மம் இருக்கிறது. 2005-இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 4’ தோட்டாக்களைத் தாராளமாகக் கொடுத்துக் கூட்டம் கூட்டமாக எதிரிகளை அனுப்பியது. அருமையான விளையாட்டு. அதில் மேலோங்கி நிற்பது பரபரப்பு என்று சொல்வதால் அதற்கு இழுக்கு ஒன்றும் இல்லை.

திகிலூட்டும் என்பதும் பிறவினைதானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் அங்கே ஊட்டப்படுவது திகில். சொல்லின் மையத்தில் உணர்வே நிற்கிறது, ஊட்டுபவர் ஒட்டாக மட்டும் வருகிறார். விமர்சனத்தில் அது இருக்கட்டும். வகைப்பெயருக்குத் திகில் விளையாட்டு என்ற வெறும் தொகையே போதும்.

மிச்சமிருப்பது ‘சர்வைவல் ஹாரர்’. முதல் ‘ரெசிடென்ட் ஈவில்’ தனக்கே சூட்டிக்கொண்ட பெயர் அது. ‘உயிர்வாழ்வுப் பயங்கரம்’ என்று கண்ணில் படுகிறது. இரண்டு பாதியும் பிழை. பிழைப்புத் திகில் என்றால் இன்றைய வழக்கில் வருமானத்தைப் பற்றிய கவலையாகிவிடும். உயிர்தப்பல் என்பது ஒரே கணத்து நிகழ்ச்சி. என் பரிந்துரை ‘பிழைத்திருத்தல் திகில்’. அந்த ‘இரு’ அவசியம். அந்த விளையாட்டில் நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமிக்க முடியாது. தட்டச்சுப்பொறி இருக்கும் அறைக்குப் போக வேண்டும், கையில் மை நாடாவும் இருக்க வேண்டும், நாடாக்களோ கொஞ்சம்தான். ஒரு எதிரியிடமிருந்து தப்புவது பிழைத்தல். இருக்கும் தோட்டாவை எண்ணி, இந்த நாடாவை இப்போதே செலவழிப்பதா அடுத்த அறைவரை பொறுப்பதா என்று ஒவ்வொரு கதவிலும் கணக்குப் போட்டுக்கொண்டே போவது பிழைத்திருத்தல்.