அருவுருவம்: ‘அரூப மனித உருவம்’ என்ற தொடரில் என்ன பிழை?

ஓவியக் கண்காட்சி அழைப்பிதழ்களிலும் நாளிதழ்க் குறிப்புகளிலும் அடிக்கடி கண்ணில் படும் தொடர் ‘அரூப மனித உருவங்கள்’. அரூபம் என்றால் உருவம் இல்லாதது. அப்படியானால் இது ‘உருவம் இல்லாத மனித உருவங்கள்’ என்றாகிறது. ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே பிழை காதில் விழுந்துவிடும்.

‘அரூபம்’ என்று மொழிபெயர்க்கப்படும் ஆங்கில மூலச்சொல் ஆப்ஸ்ட்ராக்ட். லத்தீனில் ‘அப்ஸ்’ என்றால் விட்டு, விலக்கி. ‘டிராஹெரே’ என்றால் இழுத்தல். டிராக்டர் என்ற சொல்லும் இதே வேரில் வந்ததுதான். ஒன்றிலிருந்து இழுத்தெடுத்தது என்பதே பொருள். ‘இல்லை’ என்ற கருத்து இந்தச் சொல்லில் எங்குமே கிடையாது. ஆய்வேட்டின் முதல் பக்கங்களில் வருவதும் இதே ஆப்ஸ்ட்ராக்ட்தான். அதை ஆய்வுச் சுருக்கம் என்று சரியாகத்தானே சொல்கிறோம்? ஓவியத்துக்கு வந்ததும் ஏன் சறுக்குகிறோம்?

குமரி மாவட்டத்தில் இன்னொரு சொல்லும் புழங்குகிறது: அமூர்த்தம். மலையாளத்தில் வேரூன்றிய சொல். எல்லையூரான களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் பத்திரிகைகளில் அதுதான். அரூபத்துக்கும் அமூர்த்தத்துக்கும் குற்றம் ஒன்றே. இரண்டும் ‘அ’ போட்டு மறுக்கின்றன. ஓவியர் செய்ததைச் சொல்லாமல், படத்தில் எது இல்லை என்று மட்டும் சொல்கின்றன. அக்கானியை, அதாவது பதநீரை, காய்ச்சிக் குறுக்கிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. தண்ணீர் போயிற்று, இனிப்பு திரண்டு நிற்கிறது. அதை ‘அக்கானி அல்லாதது’ என்று எந்தப் பனையேறி வீட்டிலும் சொல்லமாட்டார்கள்.

மனித உருவத்தை ஓவியர் குறுக்குவதும் ஏறக்குறைய இந்தக் காய்ச்சல்தான். ஒற்றைக் காலில் பாரம் போட்டு ஒருவர் நிற்கிறார் என்று கொள்வோம். பாரம் தாங்கும் பக்கம் இடுப்பு ஏறும், அதே பக்கத் தோள் இறங்கும். கழுத்துக்குழியிலிருந்து தூக்குநூல் விட்டால் அந்தக் காலின் பாதத்தருகே விழும். கரித்துண்டால் முதலில் போட வேண்டியவை இந்த மூன்று கோடுகள். பிறகு கண்ணை இடுக்கிப் பார்த்து வெளிச்சம், நடு நிழல், இருட்டு என்று மூன்றே திட்டுகளாகப் பிரிப்பார்கள். அதற்கப்புறம்தான் கழித்தல்: விரல்கள் போகும், காது போகும், கண் போகும். முகத்தில் கண்ணை மட்டும் விட்டுவைத்தால் பார்ப்பவரின் பார்வை அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மற்ற திட்டுகள் வீண். தூக்குநூல் கோட்டைத் தொலைத்தால் உருவம் சாய்ந்து விழும். விளிம்புக்கோட்டை முதலில் வரைந்து உள்ளே வண்ணம் நிரப்பினால் கிடைப்பது கேலிச்சித்திரம். இவ்வளவு கணக்கோடு காப்பாற்றிய உருவத்தை ‘அரூபம்’ என்பது அந்த உழைப்பையே அழிப்பது.

அரூபம் என்ற சொல்லே வேண்டாம் என்பதல்ல. ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) கோடுகளால் வரைந்த காந்தியில் காந்தி இருக்கிறார். பின்னாளில் அவர் தீட்டிய வண்ணப் பரப்புகளில் எந்த ஆளும் இல்லை. அவற்றை அரூபம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அமெரிக்க ஓவியர் வில்லெம் டி கூனிங் 1950 முதல் 1952 வரை தீட்டிச் சுரண்டி, மறுபடி தீட்டிய ‘பெண் 1’ ஓவியத்தில் பெண் உட்கார்ந்துதான் இருக்கிறாள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாசகர் எதைத் தேடிப் பார்ப்பார்?

சைவ சித்தாந்தம் இறைவனின் நிலையை உருவம், அருவம் (உருவமற்றது), அருவுருவம் (இரண்டுக்கும் நடுவானது) என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. குமரியில் மூன்றையும் ஒரே நாளில் கண்ணால் பார்க்கலாம். சுசீந்திரத்து அனுமார் உருவம். அய்யாவழியினரின் வழிபாட்டிடங்களான நிழல்தாங்கல்களில் தெய்வச் சிலை கிடையாது, நிலைக்கண்ணாடிதான். அது அருவத்தின் பக்கம். ஊர்க்கோடியில் சுடலைமாடன் பீடம் நிற்கிறதே, அது நடுவில். அடி அகன்று, மேலே போகப்போகக் குறுகும் சுதைத் தூண். முகமில்லை, கையில்லை. ஆனால் மாலை சாத்தியதும் தோள் எது, தலை எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனித உருவம் குறுகி நிற்கும் இடம் அது. அதற்கான சொல் அருவுருவம்.

சமய வாடை அடிக்கிறது என்பார்கள். அரூபமும் அமூர்த்தமும் மட்டும் எங்கிருந்து வந்தன? ‘உருச்சிதைவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது முறுக்கிக் கோணலாக்கியதைக் குறிக்குமே தவிர, குறுக்கியதைக் குறிக்காது. ‘நவீன ஓவியம்’ என்பது காலப்பெயர், முறையின் பெயரல்ல. புரியாத படத்துக்கெல்லாம் அந்தச் சீட்டை ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் படத்தைப் பார்க்காமலே எழுதுகிறார்கள் என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது.

ஓர் இடர் உண்மையிலேயே உண்டு. ‘அருவுரு’ என்று சுருக்கி எழுதினால், ஓர் உகரம் தவறியதும் ‘அருவரு’ ஆகிவிடும். அது வெறுத்து ஒதுக்குவதைக் குறிக்கும் சொல். ஆகவே பெயர்ப்பலகையில் முழுதாக எழுதுங்கள்: ‘நிற்கும் பெண், அருவுருவம், கான்வாஸில் எண்ணெய் வண்ணம்’. செயலைச் சொல்லும் இடத்தில் ‘உருவைக் குறுக்கி வரைந்தார்’ என்றாலே போதும்.