இல்லாத கால் எப்படி வலிக்கும்?

"கால் இல்லாத இடத்துல எப்படி சார் வலிக்கும்? நடிக்கிறானோன்னு அத்தையே கேக்குறாங்க" என்றார் அந்தப் பெண். பக்கத்தில் கணவர், முன்னாள் ஹவில்தார், தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எல்லையில் கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

வேலூர்ப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறவனுக்கு இது பழகிய கேள்வி. இங்கே மிலிட்டரிக்காரர் வீடு இல்லாத தெரு குறைவு. வலி நிஜம்தான். கால் போனாலும் மூளைக்குள் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இதற்கு ஒரு கண்ணாடியைப் பயன்படுத்தினார். இருக்கிற காலின் பிம்பத்தை, இல்லாத கால் இருக்க வேண்டிய இடத்தில் பார்த்தபடி அசைக்க வேண்டும். எல்லோருக்கும் கேட்காது. இவருக்குக் கேட்டது. "மடங்கியே கிடந்த சுண்டுவிரல் விரிஞ்சிருச்சு சார்" என்றார்.

ஆனால் வலியைவிட வீடுதான் பெரிய பாடு. புனேயில் 1944 முதல் இயங்கும் ராணுவச் செயற்கை உறுப்பு மையத்தில் சமதரையில் நடந்து பழகியவர் அவர். சுற்றிலும் தன்னைப் போன்றவர்கள். ஊரில் உயரமான வாசப்படி, குந்தி உட்காரும் கக்கூஸ், மோட்டார் கொட்டகைக்கு வரப்பு வழி. போதாததற்கு, முதல் வருடத்தில் வெட்டுப்பட்ட கால் சுருங்கும், அதைச் செருகும் செயற்கைக் காலின் குழி, அதாவது சாக்கெட், லூசாகிப் புண்ணாகும். அளவெடுத்து மாற்ற வேண்டும் என்று தெரியாமல் காலைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டார். சோம்பேறி என்று பேர் வாங்கினார்.

பத்துப் பேர் செக்‌ஷனை நடத்தியவரை, பாசத்தால் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. ரேஷன், பையனின் பள்ளிக்கூடம் எல்லாம் தம்பி கைக்குப் போனது. ராணுவ கேன்டீனில் கிடைக்கும் மது கோட்டா மாதத் தொடக்கத்திலேயே காலியானது. இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தக் குடியைப் பற்றித்தான். தீபாவளி வெடிச் சத்தத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கினால் மந்திரிக்கக் கூட்டிப்போகாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் விசாரிக்கலாம். மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம்.

சரி, இவர் வீட்டில் செய்தது கொஞ்சம்தான். வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் ஒரு கம்பி, புது சாக்கெட். அப்புறம் மோட்டார் போடுவது அவர் வேலை என்று வைத்தோம்.

போன வாரம் சேற்றோடு வந்தார். வரப்பில் விழுந்துவிட்டாராம்.

"யாரும் தூக்கி விடலை சார்" என்றார், சிரித்துக்கொண்டே.