நீராவி எஞ்சினைத் தள்ளியது காற்று

சூடான ரசத்தைத் தூக்கில் ஊற்றி இறுக்கி மூடிவிட்டால், ஆறிய பிறகு மூடி லேசில் வராது. உள்ளே இருந்த ஆவி நீராகச் சுருங்கிவிடுவதால், வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் தொழிற்புரட்சிக்கு வழிவிட்ட எஞ்சினும் இந்த அழுத்தத்தில்தான் ஓடியது.

அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே போன காலம் அது. தோண்டத் தோண்ட ஊற்று. குதிரை கட்டி இறைத்துக் கட்டுப்படியாகவில்லை. தாமஸ் நியூகோமன் என்ற இரும்புச் சாமான் வியாபாரி 1712-இல் டட்லி ஊருக்கு அருகே ஒரு சுரங்கத்தில் தன் எஞ்சினை நிறுவினார். நெட்டுக்குத்தாக நிற்கும் சிலிண்டரில் பிஸ்டன் மேலேறும்போது நீராவி நிறையும். அப்புறம் உள்ளே குளிர்ந்த நீர் பீச்சப்படும். கொதித்து ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு விரிந்த நீர், ஒரு நொடியில் திரும்பச் சுருங்கிவிடும். உள்ளே கிட்டத்தட்ட வெற்றிடம். மேலிருந்து காற்று பிஸ்டனை அமுக்க, அதோடு சங்கிலியில் பிணைத்த உத்திரம் நம் ஊர் ஏற்றம்போலச் சாயும். மறுமுனை பம்பின் தண்டைத் தூக்கும். நிமிடத்துக்குச் சுமார் 12 தடவை.

குறை என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் அதே சிலிண்டரைக் குளிர்வித்து, மறுபடி சூடாக்க வேண்டும். கரியில் பெரும்பகுதி இரும்பைச் சூடாக்கவே போனது. விலைபோகாத தூள்கரி குவிந்துகிடந்த சுரங்க வாசலில் அது தாங்கும். மற்ற இடங்களில் கையைக் கடித்தது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் வாட்டிடம் இந்த எஞ்சினின் சின்ன மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தது. அதைப் பார்த்தவருக்கு இந்த விரயம் உறுத்தியது. 1765-இல் விடை கிடைத்தது: ஆவியை வேறொரு பாத்திரத்துக்கு இழுத்து அங்கே குளிர்விக்கலாம். சிலிண்டர் எப்போதும் சூடு, பாத்திரம் எப்போதும் குளிர்ச்சி. இவ்வளவு எளிய யோசனைக்கு ஐம்பது ஆண்டுகள் பிடித்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் யோசனை மட்டும் போதாது; காற்றுப் புகாத சிலிண்டர் வேண்டும். பீரங்கிக் குழாய் குடைவதில் கைதேர்ந்த ஜான் வில்கின்சன் அதைத் துல்லியமாகக் கடைந்து கொடுத்தார். கரிச்செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. வாட்டும் அவருடைய தொழில் கூட்டாளி போல்ட்டனும், மிச்சமான கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கையே கட்டணமாக வாங்கினார்கள்.

1780-களில் எஞ்சின் சக்கரத்தையும் சுழற்றத் தொடங்கியது. அதுவரை நீர்ச்சக்கரத்தை நம்பிய நூற்பாலைக்கு ஆற்றோரம்தான் கதி. இனி கரி வந்துசேரும் எந்த ஊரிலும் ஆலை எழுப்பலாம் என்றாயிற்று. மான்செஸ்டர் புகையும் ஜனமுமாகப் பெருத்தது. துணி மலிந்தது, உண்மைதான். ஆனால் அந்த ஆலைகளில் சிறு பிள்ளைகளும் நாளெல்லாம் நின்று உழைத்தார்கள். கரி வெட்டிய சுரங்கங்களிலோ, காற்றோட்டத்துக்கான கதவைத் திறந்து மூடக் குழந்தைகள் இருட்டில் தனியே உட்கார்ந்திருந்தார்கள். 1842-இல்தான் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யச் சட்டம் தடை போட்டது. பத்து நிரம்பிய பையன்கள் அதன் பிறகும் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.