ஜெடாய்க்குத் தமிழில் என்ன சொல்?

1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் வழியே உலகெங்கும் பரவிய சொல் ஜெடாய். உயிர்கள் அனைத்தையும் பிணைத்து நிற்கும் ‘ஃபோர்ஸ்’ என்ற ஆற்றலை உணரப் பயின்றவர்களின் கூட்டம் அது. அவர்களுக்கு மணவாழ்க்கை இல்லை, உடைமையில் பற்றுக் கூடாது. இடுப்பில் ஒளிவாள் ஒன்று தொங்கும். ஃபோர்ஸை அறிவதற்கும் காப்பதற்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும், தாக்குவதற்காக அல்ல என்பது ஜெடாய்களின் மூத்த ஆசான் யோடா தரும் பாடம்.

சொல் எங்கிருந்து வந்தது? பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், ஜப்பானிய மொழியின் ‘ஜிதாய்கெகி’. ‘ஜிதாய்’ என்றால் காலம், ‘கெகி’ என்றால் நாடகம். சாமுராய்களின் காலத்துக் கதைகளைச் சொல்லும் படங்களுக்கு அங்கே அதுதான் பெயர். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை எழுதி இயக்கிய ஜார்ஜ் லூகாஸ், ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 1958-ஆம் ஆண்டுப் படமொன்றிலிருந்து கதைப்போக்கை எடுத்துக்கொண்டதைத் தாமே சொல்லியிருப்பதால் இந்த விளக்கம் பொருந்தி வருகிறது. எட்கர் ரைஸ் பர்ரோஸின் செவ்வாய்க் கோள் நாவல்களில் சிற்றரசனுக்கு ‘ஜெட்’, பேரரசனுக்கு ‘ஜெடாக்’ என்று பட்டங்கள் உண்டு. அதைக் காட்டுவோரும் இருக்கிறார்கள். தொடக்க வரைவுகளில் லூகாஸ் ‘ஜெடாய் பெண்டு’ என்றே எழுதினார்.

தமிழில் சிலர் ‘ஜெடை’ என்று எழுதுகிறார்கள். அது வேண்டாம் என்பேன். சொல்லின் இறுதியில் வரும் ஐகாரம் நம் வாயில் குறுகிவிடும்; ‘கடை’, ‘நடை’ என்று சொல்லிப் பாருங்கள். போதாததற்குத் தலைப்பின்னலும் நினைவுக்கு வரும். ‘டாய்’ என்று எழுதினால்தான் மூல ஒலி முழுதாக நிற்கும். நடுவில் வரும் டகரம் தானாகவே மெலிந்து ஒலிப்பதால் அதற்குத் தனி எழுத்தும் தேவையில்லை. கிரந்தம் தவிர்ப்போர் ‘செடாய்’ எனலாம்; ‘செ’ தமிழில் சொல்லுக்கு முதலாகும் எழுத்துதான். ஆங்கிலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் வடிவம் ஒன்றே. நமக்குப் பன்மை வேண்டும். ‘ஜெடாய்கள்’ என்பதைவிட ‘ஜெடாயர்’ என்பதே மனிதருக்கு ஏற்றது.

இனிப் பொருள். ‘ஜெடாய் வீரர்’ என்று எழுதுவது வழக்கம். அதில் துறவு விடுபடுகிறது. ‘துறவி’ என்றால் வாள் விடுபடுகிறது. இரண்டையும் ஒருசேரத் தாங்கும் சொல் நம்மிடம் இருக்கிறது: சான்றோன். புறநானூற்றின் 312-ஆம் பாட்டில் புலவர் பொன்முடியார் காட்டும் தாய் ஒருத்தி, ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே’ என்கிறாள். அடுத்த அடியிலேயே கொல்லன் வேல் வடித்துக் கொடுக்கிறான். ஆகவே அங்கே சான்றோன் என்பவன் போர்மறவன். குறளிலும் ஒரு தாய் தன் மகனைச் ‘சான்றோன் எனக்கேட்ட’போது பெரிதுவக்கிறாள். ஆனால் அங்கே அந்தச் சொல் அறிவும் பண்பும் நிறைந்தவனைக் குறிக்கிறது. வில்லும் வேலும் பிடித்தவனுக்கு வழங்கிய பெயரே அறத்தில் நிறைந்தவனுக்கும் பெயராகியிருக்கிறது. ஜெடாய் என்ற கற்பனை மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் ஜெடாய் என்பது இயற்பெயர். அதை அப்படியே வைத்துக்கொண்டு, விளக்க வேண்டிய இடத்தில் ‘சான்றோர்’ எனலாம். கூட்டத்துக்குச் ‘சபை’ நன்று. கிறித்தவத் துறவியர் அமைப்புகளை நெடுங்காலமாக அப்படித்தான் அழைக்கிறோம். ‘ஃபோர்ஸ்’ என்பதற்கு விசை என்றால் இயற்பியல் வகுப்பாகிவிடும், படை என்றால் பொருளே மாறிவிடும், ‘பேராற்றல்’ சரி. ‘மாஸ்டர்’ ஆசான். சிலம்பமும் வர்மமும் கற்பிப்பவரை அப்படித்தானே அழைக்கிறோம்! வலக் காதருகே மெல்லிய பின்னலோடு ஆசான் பின்னால் நடக்கும் ‘பதவான்’ மாணாக்கன். பயிற்சி முடிந்ததும் அந்தப் பின்னலை ஒளிவாளால் அறுப்பார்கள்.

அந்த வாளுக்கும் பொன்முடியாரின் பாட்டிலேயே சொல் கிடைக்கிறது: ‘ஒளிறுவாள்’.