சிதைவு: ‘டிகிரடேஷன்’ என்பதற்கு ஏற்ற தமிழ்

மரபணுப் பரிசோதனை அறிக்கையொன்றில் ‘டிகிரடேஷன்’ என்று கண்டால், மாதிரியிலிருந்த டீஎன்ஏ இழைகள் வெப்பத்தாலோ ஈரத்தாலோ ஒளியாலோ துண்டுபட்டுள்ளன என்பது பொருள். இதனைத் ‘தரங்குன்றல்’ என்று எழுதுவோர் உண்டு. இலத்தீனில் ‘கிராதுஸ்’ என்றால் படி. படியிலிருந்து கீழிறக்குவது, அதாவது ஒருவரின் பதவியைப் பறிப்பது, அச்சொல்லின் பழைய பொருள். ஆதலால் சொல்லுக்குச் சொல் பார்த்தால் தரங்குன்றல் பிழையன்று. ஆனால் இழை முறிந்தது என்ற செய்தி அதில் இல்லை.

‘சிதைவு’ என்ற சொல்லில் அது இருக்கிறது. சிதைதல் என்பது உருக்குலைதல், துண்டுதுண்டாதல். ஈமவிறகைக் குறிக்கும் ‘சிதை’ வடமொழிச் ‘சிதா’விலிருந்து வந்த வேறு சொல், இரண்டையும் குழப்பக் கூடாது. வடசொற்கள் தமிழில் உருமாறி வழங்குவதைப் பற்றித் தொல்காப்பியம் ‘சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்’ (உருக்குலைந்து வந்தாலும் பொருந்தியவற்றை விலக்கார்) என்று கூறுவதால், சிதைதல் என்ற சொல்லின் பழமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மட்டக்களப்பில் இந்தச் சிதைவை விளக்கக் கருவாட்டைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நன்றாகக் காய்ந்த கருவாடு நெடுநாள் இருக்கும். மாரியில் ஈரம் போகாமல் சொப்பின் பையில் கட்டிவைத்தால் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். இரத்தம் தோய்ந்த துணியும் அப்படித்தான். ஈரத்தோடு பொலித்தீனில் அடைத்த துணியில் பற்றீரியாக்கள் பெருகி, அவற்றின் நொதியங்கள் டீஎன்ஏயை வெட்டுகின்றன; ஈரமும் தன் பங்குக்கு நீர்ப்பகுப்பால், அதாவது நீர் மூலக்கூறுகள் வினைபுரிவதால், இழையின் பிணைப்புகளை அறுக்கிறது; வெப்பம் ஏற ஏற இரண்டும் விரைவுபடுகின்றன. அதனால்தான் அத்தகைய துணியை நிழலில் உலர்த்திக் கடதாசி உறையில் இடுகிறார்கள். கருவாட்டுக்கு நல்லதான வெயில் இங்கே ஆகாது, ஏனெனில் புறஊதாக் கதிர் டீஎன்ஏ இழையில் அடுத்தடுத்துள்ள தைமின் என்னும் அலகுகளை ஒட்டவைத்துவிட, பரிசோதனையில் இழையைப் படியெடுக்கும் நொதியம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்த மாதிரிக்கும் ஆபத்து உண்டு. 2022ஆம் ஆண்டில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்ட மின்வெட்டை நாம் மறக்கவில்லை. உறைந்த டீஎன்ஏ உருகி மீண்டும் உறையும் ஒவ்வொரு தடவையும் நீண்ட இழைகள் முறியக்கூடும்.

சிதைந்த மாதிரி முடிவே தராமற்போனால் அவ்வளவு தீங்கில்லை. அது அரைகுறை முடிவைத் தருவதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. டீஎன்ஏயின் ஒரே பகுதிக்கு ஒரு பிள்ளை தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பெற்ற, நீளம் வேறுபட்ட இரு வடிவங்களில், நீளமானது முறிந்து குட்டையானது மட்டும் படியெடுக்கப்பட்டுப் பெருக்கமடைந்தால், வடிவத்துக்கு ஒரு முகடாகக் காட்டும் பரிசோதனை வரைபில் ஒரு முகடே தோன்றும். காணாமற்போனது தகப்பன் கொடுத்த வடிவமாக இருந்து, அந்த வரைபை முழுமையானதென்று நம்பிவிட்டால், பெற்ற தகப்பனையே தகப்பனல்லன் என்று விலக்க நேரலாம். நல்லவேளையாக, நீளம் கூடக்கூட முகடுகள் படிப்படியாகத் தாழ்வது தேர்ந்த கண்ணுக்குத் தப்பாது. அந்த இடத்தில் மட்டும் இலத்தீன்காரரின் ‘படி’யும் பொருந்திவிடுகிறது. இத்தகைய மாதிரிகளில் குட்டையான பகுதிகளையே தேடிப் பெருக்குவார்கள்; துண்டுகளிலும் இயைந்தவற்றை அவர்களும் தள்ளுவதில்லை.

வேறொருவரின் டீஎன்ஏ மாதிரியில் சேர்வதையும் சிலர் சிதைவு என்கிறார்கள். அது ‘அயற்கலப்பு’. சிதைவில் இருந்தது குறைகிறது. அயற்கலப்பில் இல்லாதது சேர்கிறது. ஆகவே ‘சிதைவுற்ற மாதிரி’, ‘அயற்கலப்புற்ற மாதிரி’ என்று பிரித்தே எழுதவேண்டும்.